சாகத் தாமதித்த சாளிஸ் ராசா

வெள்ளி, பிற்பகல்

மூன்று மணிக்குப் புத்தளத்தில் கற்பிட்டி பஸ் ஏறினேன். டிக்கட் அறுபத்தைந்து ரூபாய். யன்னலோர ஆசனம் கிடைத்தது, யன்னல்தான் திறக்கவில்லை. புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருந்தும் இந்தக் கரையை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களுக்கு ஊர் பார்க்கப் போகும் பழக்கம் குறைவு. போன இடத்திலேயே தங்கிவிட நேருமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு.

நான் போனது ஓர் ஆங்கில ராசாவைப் பார்க்க. உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறவள் நான். இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மேல் எனக்கு ஒருபோதும் மரியாதை இருந்ததில்லை. அப்பனின் தலையை வெட்டி முடியாட்சியையே ஒழித்த நாடு, பதினொரு வருடம் கழித்து மகனைக் கூப்பிட்டுச் சிம்மாசனத்தில் இருத்தியது. வந்தவன் அப்பனைக் கொன்றவர்களில் சிலரைத் தீர்த்துவிட்டு, மிச்ச நாளை நாய்க்குட்டி, நாடகம், குதிரைப் பந்தயம், காதலிகள் என்று கழித்தான். விழுந்து விழுந்து படிக்கும் பிள்ளைக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஊர் சுற்றும் பிள்ளைக்குக் கிரீடம் கிடைக்கிறது. வகுப்பில் நான் இதைச் சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் மட்டும் சிரிப்பார்கள்.

அந்த ராசாவை வைத்து, சாளிஸ் ராசா என்ற பெயரில், ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க மீனவக் கிராமத்தில் கூத்து ஆடுகிறார்கள் என்று எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. காரணம் கேட்டதும் நம்பினேன். ராசாவின் மனைவி போர்த்துக்கல் இளவரசி. இந்தக் கரையில் பாதி வீட்டுக்குப் போர்த்துக்கேயப் பெயர்தானே. அதைவிடப் பெரிய காரணம், மரணப் படுக்கையில் அவன் கத்தோலிக்கனானான். அவனுடைய தம்பி எல்லாரையும் அறையை விட்டு வெளியேற்றி, பின்படிக்கட்டு வழியாக ஒரு பாதிரியாரை ரகசியமாகக் கொண்டுவந்தான். ஊதாரி ஒருவன் கடைசி நிமிடத்தில் கரையேறிய கதை கடற்கரைச் சனத்துக்குப் பிடிக்காமல் போகுமா? யுத்தம் தொடங்கியதோடு நின்றுபோன கூத்து, யுத்தம் முடிந்து நாலைந்து வருடத்துக்குப் பிறகு, தலவில புனித அன்னம்மாள் கோயிலின் பங்குனித் திருவிழாவை ஒட்டி முதல் தடவையாக மேடையேறப் போகிறது.

பாலாவிச் சந்தியில் பஸ் வலப்பக்கம் திரும்பியது. உப்பளங்கள், காற்றாலைகள், நடு வீதியில் யாருக்கும் வழிவிடாத கழுதைகள். நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. அதன் அடியில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஆலங்குடாவில் இறங்கும்போது ஐந்து மணி ஆகவில்லை.

தங்கியது கடலோரத்தில் நான்கு அறைகள் கொண்ட ஒரு விடுதி. காலைச் சாப்பாட்டோடு இரண்டாயிரத்து ஐந்நூறு. உரிமையாளர் வின்சன், ஐம்பது வயது இருக்கும், தானே சமைத்துத் தானே பரிமாறுகிறவர். முற்றத்தின் தெற்கு எல்லையில் தகரமும் முள்ளுக்கம்பியுமாக ஒரு வேலி, மணலைத் தாண்டிக் கடலுக்குள்ளேயே இறங்கி நின்றது. அந்தப் பக்கம் ஹோட்டல் வரப்போகிறதாம். இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை, வேலி மட்டும் முந்திக்கொண்டது.

இரவுச் சாப்பாட்டில் இருந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் முதலில் கதவைப் பார்ப்பேன். ஒருவர் மைக்கைத் தட்டி இரண்டு வரி பாடினார். வின்சன் மீன் சட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய் யன்னலைச் சாத்தினார்.

"காத்து கூடிப்போச்சு, மிஸ்" என்றார். மேசையில் எரிந்த மெழுகுவர்த்தியின் சுடர்கூட அசையவில்லை.

சனி, காலை

எட்டரைக்கு ரிஸ்வானின் முச்சக்கரவண்டி வந்தது. கடற்கரை வழியாக நடந்தால் கூத்து நடக்கும் கிராமம் கூப்பிடு தூரம். வேலி மறிப்பதால் வீதியால் சுற்ற வேண்டும். முந்நூறு ரூபாய் கேட்டான். ரிஸ்வான் கற்பிட்டிப் பையன். வாயும் வண்டியும் ஒரே வேகம்.

"டீச்சர், நீங்க நிக்கிறது ஆர்ட வீடெண்டு தெரியுமா? இண்டைக்கு ராசாவா ஆடுற சேவியர் சம்மாட்டியார்ட சொந்தத் தம்பிட வீடு."

"பிறகு ஏன் தம்பி கூத்துக்கு வெளிக்கிடவில்லை?"

"அங்கதான் பிரச்சின."

மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கக் குலுங்க அவன் சொன்ன கதை இது. இவர்களின் தகப்பன் கரைவலைச் சம்மாட்டி, கரையில் நின்று இழுக்கும் பெருவலைக்குச் சொந்தக்காரர். ஒருதரம் கடலில் அகப்பட்டு உயிரோடு திரும்பியபோது அன்னம்மாளுக்கு நேர்ந்தார்: இந்தக் கூத்தில் ராசாவாக மூத்தவனும் ராசாவின் தம்பியாக இளையவனும் ஆடவேண்டும், வேறு இரத்தம் அந்த இடத்தில் நிற்கக்கூடாது. தகப்பன் போன பிறகு, வலை இழுக்கும் கரையில் தன் பங்கை வின்சன் ஹோட்டல்காரர்களுக்கு விற்றார். வேலி வந்தது. வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக நகர்ந்து இழுக்கிறவர்களுக்கு அந்த வேலி குறுக்கே நின்றது. கோயில் வாசலில் ஊர் முழுக்கப் பார்த்திருக்க அண்ணன் சொன்னார்: இனி நீ என் சாவுக்கும் வராதே.

"சொன்னா சொன்னதுதான் டீச்சர். நாலு வருசம், ரெண்டு பேரும் மூஞ்சி முழிக்கல்ல. இண்டைக்கு ராசா எப்பிடிச் சாகப் போறாரெண்டு பாக்கத்தான் பாதிச் சனம் வருது."

தமிழில் இதைவிடக் கெட்ட வார்த்தைகள் எத்தனையோ உண்டு. அவற்றைச் சொன்னவர்கள் மறுநாள் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். சாவுக்கும் வராதே என்று சொன்னால் மட்டும் யாரும் மறப்பதில்லை.

கொட்டகையில் நல்ல கூட்டம். கூத்தென்றால் இரவில்தான் ஆடுவார்கள். ஆனால் யுத்த காலத்துப் பழக்கம் இன்னும் கலையவில்லை. அனுமதி பகலுக்குத்தான் கிடைத்திருந்தது, மாலை ஆறு மணியோடு முடிக்கவேண்டும். பின்வரிசையில் இரண்டு கடற்படைக்காரர்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்கள். தென்னைமரங்களில் கட்டியிருந்த நான்கு ஒலிபெருக்கிகளில் ஒன்று வடக்கே, வின்சனின் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தற்செயலாக இருக்காது என்று நினைத்தேன்.

சேவியர் சம்மாட்டியார் மேடைக்கு வந்தபோது சிரிப்பும் விசிலும். பருத்த உடம்பு, சிவப்பு வெல்வெட் அங்கி, தோள் வரைக்கும் கருப்புச் சுருள் முடி. வரலாற்று ராசா தோல்வியடைந்து ஓடும்போது கருவாலி மரத்தில் ஒளிந்தான். இந்த ஊர் ராசா பனைமரத்தில் ஒளிந்தார். ஏணியைச் சுற்றி ஓலை கட்டியிருந்தார்கள். கீழே எதிரிப் படை தேட, மேலே ராசா பயத்தில் நுங்கு குடித்தார். காதலிகள் மூன்று பேரும் மீசை மழித்த ஆம்பிளைகள். நான் பல வருடம் படிப்பித்த ராசாவுக்காக முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் சிரிப்புக்கு இடையில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. ராசாவுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. அதன் மேல் மடித்த நீலச் சால்வை. அதுதான் தம்பி. இலண்டன் நகரம் தீப்பற்றி எரிந்தபோது ராசாவும் தம்பியும் தெருவில் இறங்கித் தண்ணீர் வாளி கைமாற்றினார்கள் என்பது வரலாறு. சேவியர் வாளியை வாங்கி, கதிரையிடம் நீட்டி, வாங்க ஆளில்லாமல் தானே கீழே வைத்தார். ஒவ்வொரு வாளிக்கும் அப்படியே செய்தார்.

"வாளிக்குக் கதிர போதும்" என்று எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் முணுமுணுத்தார். "சாகக்குள்ள தலையத் தூக்கிப் பிடிக்கக் கதிரையால ஏலுமா?"

அவர் சேவியரின் மனைவி மெர்சி என்று பிறகுதான் தெரிந்தது.

சனி, பிற்பகல்

இரண்டரை மணிக்கு ராசா படுக்கையில் விழுந்தார். வைத்தியர்கள் வந்து இரத்தம் எடுத்தார்கள், சூடு வைத்தார்கள், மண்டையோட்டுத் தூள் கொடுத்தார்கள். இது கட்டுக்கதையல்ல, நிசமான ராசாவுக்கும் இவ்வளவும் செய்தார்கள். சனம் சிரித்தது. வைத்தியர்கள் போனதும் மத்தளம் தணிந்தது. ராசா படுத்தபடி பாடினார்:

"தம்பியை அழையுங்கள் – என்
தாமதம் பொறுக்கச் சொல்லுங்கள்."

இதற்குப் பதில் பாட்டோடு தம்பி பின்வாசலால் வரவேண்டும். வந்து அண்ணனின் தலையை மடியில் தூக்கி வைத்த பிறகுதான் பாதிரியார் வரலாம். பாதிரியார் வந்த பிறகுதான் ராசா சாகலாம். செத்த பிறகுதான் ஆடினவர் எழும்பலாம். நேர்த்திக் கூத்தில் இந்த ஒழுங்கை மாற்றக் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்கும் உரிமையில்லை. படுத்திருக்கும் ராசா பாட்டை விட்டுச் சொந்தக் கதை கதைத்தாலும் கூத்து முறிந்துவிடும், நேர்த்தியும் சேராது.

யாரும் வரவில்லை. அண்ணாவியார் வரியைத் திருப்பிப் பாடினார், பிற்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடினார்கள். மறுபடியும் பாடினார்கள். மூன்றரை ஆனது, நாலரை ஆனது. தகரக் கூரைக்குக் கீழே வெக்கை அவிந்தது. சேவியரின் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. வெல்வெட் அங்கி நனைந்து கறுத்துவிட்டது. யாரோ தண்ணீர்ப் போத்தலோடு மேடைப் பக்கம் போனார். சேவியர் கண்ணாலேயே மறித்தார்.

மெர்சி என் கையைப் பிடித்தார்.

"அவருக்குப் பிரஷர், டீச்சர். காலையில குளிசையும் போடல்ல. அவன் வராம எழும்பமாட்டன் எண்டு எங்கிட்டச் சத்தியம் பண்ணிட்டுத்தான் மேடையேறினவர். நீங்க அவன்ட வீட்டிலதானே நிக்கிறீங்க? எங்கட ஆக்கள் போனா கதவே திறக்கமாட்டான். நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

எனக்கு அடுத்தவர் வீட்டுச் சண்டையில் தலை போடப் பிடிக்காது. ஆனால் கட்டிலில் கிடந்த மனிதரின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. ரிஸ்வானைக் கூப்பிட்டேன். அவன் வாடகை பேசவில்லை.

வின்சன் முற்றத்தில் கடலைப் பார்த்து இருந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் அங்கே துல்லியமாகக் கேட்டது. கிட்டப் போனபோதுதான் கவனித்தேன்: ராசாவின் வரி முடிந்ததும் அவருடைய உதடு அசைந்தது. தாளம் தப்பாமல், சத்தம் வராமல், தம்பியின் பாட்டை அவர் அங்கே இருந்து பாடிக்கொண்டிருந்தார்.

"உங்கள் அண்ணனுக்கு ஏதாவது நடந்துவிடும்" என்றேன்.

"அவர் என்ன சொன்னவர் எண்டு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே, மிஸ்."

"சொன்னார்கள்."

"அப்ப நான் எப்பிடிப் போற? சாவுக்கும் வராத எண்டவர். இப்ப அங்க நடக்கிறது சாவுதானே."

"அது கூத்து."

"கூத்தில கூப்பிடுறது ராசா. ராசாவோட எனக்குக் கோவமில்ல." ஒலிபெருக்கிப் பக்கம் கையைக் காட்டினார். "அவர் வாயால சொன்னது, அவர் வாயால வரோணும். நான் பிழை விட்டன்தான். வேலி வருமெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. அதச் சொல்லக்கூட அவர் விடல்ல."

எனக்குக் கோபம் வந்தது. இருவர் மேலும் வந்தது. ஒருவர் வாயைத் திறந்தால் நேர்த்தி முறியும். மற்றவர் காலை எடுத்து வைத்தால் ரோசம் முறியும். இதற்கிடையில் ஒரு உயிர் போனால் இரண்டு பேருக்கும் திருப்தியா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. வின்சன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அப்போது ஒலிபெருக்கி நின்றது. மத்தளமும் இல்லை, தாளமும் இல்லை. ரிஸ்வான் "யா அல்லாஹ்" என்றான். அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு அலை வந்து போயிருக்கலாம், பத்து அலை வந்து போயிருக்கலாம்.

பிறகு மூச்சு வாங்கும் சத்தம். அதற்குப் பிறகு ராகமில்லாமல், வெறும் பேச்சாக, தொண்டை காய்ந்த ஒரு குரல்.

"சின்னவன்."

வின்சன் எழும்பிவிட்டார்.

"சின்னவன்... வாடா. சாவுக்கு வாடா."

அவர் வீதிப் பக்கம் திரும்பவே இல்லை. மணலில் ஓடினார். நானும் ஓடினேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வண்டியைச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லி ரிஸ்வானுக்குக் கத்தினேன். வேலி முன்னால் வந்தது. தான் விற்ற காணியின் வேலியில் வின்சன் ஒரு நிமிடம் கையை ஊன்றி நின்றார். பிறகு கட்டியிருந்த சாரத்தோடு கடலில் இறங்கி, கடைசித் தூணைச் சுற்றி இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். நான் கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். அபாயா தண்ணீரில் உப்பிக் காலைச் சுற்றியது. பங்குனிக் கடல் என்பதால் தப்பினேன். ஆடியாக இருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

வின்சன் சனத்துக்குள்ளால் போகவில்லை. கொட்டகையைச் சுற்றி மேடையின் பின்வாசலுக்குப் போனார். உடுப்பில்லை, சால்வையில்லை, சாரத்திலிருந்து தண்ணீர் சொட்ட மேடையில் ஏறினார். அண்ணாவியார் தாளத்தை உயர்த்திப் பிடித்தபடி, அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். கூத்து முறிந்துவிட்டதா இல்லையா என்பது அவருக்கும் விளங்கவில்லை.

வின்சன் பாடினார்.

"வந்தேன் அண்ணா வந்தேன் – பின்
வாசல் வழியாய் வந்தேன்."

தாளம் விழுந்தது. மத்தளம் சேர்ந்துகொண்டது. தம்பி உட்கார்ந்து அண்ணனின் தலையை ஈர மடியில் தூக்கி வைத்தார். அந்த ஈரம் பட்டதும் சேவியர் பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டது. நிசமான சார்ள்ஸ், சாவதற்கு இவ்வளவு நேரம் எடுப்பதற்காகச் சுற்றி நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்வார்கள். வகுப்பில் அதை நான் நகைச்சுவையாகச் சொல்லுவேன். சேவியர் அந்த வரியைத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பாடினார்:

"சாகத் தாமதித்தேன் தம்பி – என்னைச்
சற்றுப் பொறுத்துக்கொள்ளு."

நான் அழுதேன். மறைக்கவில்லை, மெர்சியும் மறைக்கவில்லை. கோயில் சடங்குகளான திருவருட்சாதனங்களை ஆடிக் காட்டுவது வழக்கமில்லை என்பதால் பாதிரியார் வேடக்காரர் வந்ததும் வெள்ளைச் சீலையைப் பிடித்து மறைத்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கை தண்ணீர்ப் போத்தலையும் குளிசையையும் நீட்டியதை நான் இருந்த பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. சீலை விலகியபோது ராசா இறந்திருந்தார். சேவியர் எழும்பி, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். கடற்படைக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஞாயிறு, காலை

வெளிக்கிட முன் கிராமத்துக்குப் போனேன். என் அபாயா வேலியில் காய்ந்துகொண்டிருந்ததால் மெர்சியின் மகளுடைய உடுப்பில் போனேன். கோயில் பூசை முடிந்து பூவரசுக்குக் கீழே பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது: கூத்து முறிந்ததா இல்லையா?

"முறியல்ல" என்றார் சேவியர். கட்டிலில் கிடந்த மனிதர் இவர்தானா என்று நினைக்கும்படி, வாய் நிறைய வெற்றிலை. "சின்னவன் எண்டு கூப்பிட்டது ராசாதான். ராசாக்கும் தம்பி சின்னவன்தானே? நான் கூப்பிடல்ல."

அண்ணாவியார் தாடியைத் தடவி, அது சரி என்று ஒத்துக்கொண்டார். நேர்த்தி சேர்ந்ததாகத் தீர்ப்பாயிற்று.

வின்சன் சிரித்துக்கொண்டு என்னை வண்டி வரைக்கும் கூட்டிவந்தார். "ராசாவாம்" என்றார் மெதுவாக. "ராசா வாடா எண்டு கூப்பிடுவாரா, மிஸ்? அண்ணன்தான் கூப்பிட்டவர்."

இருவரில் யாரையும் நான் திருத்தப் போகவில்லை. வேலி அப்படியே நின்றது. வலை இழுப்பவர்கள் அதைச் சுற்றிக் கடலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் போக விடாமல் ரிஸ்வானே என்னைக் கொண்டுவந்துவிட்டான். உப்பளத்தைத் தாண்டும்போது கேட்டான்: "டீச்சர், நேத்து அந்தக் குரல் வரக்குள்ள நீங்களும் ஏன் அப்பிடி ஓடின?"

மன்னாரில் நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவிலும் ஒலிபெருக்கி வந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கக்காரர்கள் அதில்தான் சொன்னார்கள். வாப்பா கதவைப் பூட்டித் திறப்பைப் பையில் போட்டுக்கொண்டார். யுத்தம் முடிந்துவிட்டது, இனித் திரும்பிப் போகலாம் என்கிறார்கள், சிலர் போயும் இருக்கிறார்கள். ஆனால் போ என்று சொன்ன இடத்திலிருந்து, அதே ஒலிபெருக்கிச் சத்தத்தில், வா என்று ஒரு குரல் வருவதை என் வாழ்க்கையில் நான் கேட்டது நேற்றுத்தான். அது என்னைக் கூப்பிடவில்லை. இருந்தாலும் நான் கடலில் இறங்கிவிட்டேன்.